ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்க
சிவனொளிபாதத்தைக் கடக்கும் ஒருநாட் பயணத்துக்கு ஒரு திட்டம்

மலைக்குச் செல்வோருட் பலர் ஏறிய வழியாலேயே இறங்குவர். அவர்களுக்குப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. கால் சோர்ந்தால் எவ்விடத்திலும் திரும்பலாம். வந்த வழி தெரிந்த வழி. மூட்டை முடிச்சுகள் அடிவாரத்து விடுதியிற் கிடக்கின்றன. இரவு தங்கவும் அங்கே இடமுண்டு. ஒரு பக்கத்தால் ஏறி மறு பக்கத்தால் இறங்க நினைப்பவரின் நிலை வேறு. அவர் வைக்கும் ஒவ்வோர் அடியும் புறப்பட்ட இடத்திலிருந்து அவரைத் தொலைவிற் கொண்டு செல்கின்றது. வழியில் ஓரிடம் வரும். அதைக் கடந்தபின், திரும்பி வருவதிலும் முன்னே போவதே எளிதாகிவிடும். அவ்விடம் எது, அங்கே எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பவற்றை வீட்டிலிருக்கும்போதே தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிட்டுக் கொள்ளல் வேண்டும். கணக்கிடாது புறப்படுபவர் காட்டின் நடுவே இருள் கவிந்த பின்னரே அதனை எண்ணத் தொடங்குவார்.

அத்தகைய பயணங்களுள் நம் நாட்டிற் சிறந்ததொன்று, இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலவிலிருந்து ஏறி, சிவனொளிபாதமலை உச்சியிலே தொழுது, அட்டன் பக்கத்து நல்லதண்ணியில் இறங்குவதாகும். இதனைப் பெரியவர்களோடு செல்லும் மாணவரும், நல்ல நடைப்பழக்கமுள்ள குடும்பத்தினரும் ஒரே பகலில் முடிக்கலாம். எவ்வாறு முடிக்கலாம் என்பதைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

அமைதியான பக்கம்

இம்மலையின் உயரம் 2,243 மீற்றர். பழைய கணக்கில் 7,359 அடி. சைவர் சிவனொளிபாதம் என்றும், பௌத்தர் ஸ்ரீபாதம் என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் போற்றுவர். மணிமேகலைக் காப்பியம் இதனைச் சமனொளி என்ற பெயராற் குறிப்பிடுகின்றது. நம்மவரிற் பெரும்பாலோர் அறிந்தது நல்லதண்ணி வழியையே. யாத்திரைக் காலத்தில் அவ்வழி இரவு முழுவதும் மின்விளக்குகளால் ஒளிரும். தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். சூரியோதயம் காண விரைவோரின் கூட்டம் படிகளை நிறைத்துவிடும்.

இரத்தினபுரிப் பக்கமோ பழமையானது; நீண்டது; கடினமானது. பலாபத்தல கடல்மட்டத்துக்கு மேல் ஐந்நூறு மீற்றரும் உயராத ஊர். அங்கிருந்து 1,700 மீற்றருக்கு மேல் ஏறல் வேண்டும். அதனால் அவ்வழியிற் கூட்டம் குறைவு. போயா நாளும் நீண்ட விடுமுறையும் அல்லாத ஒரு வார நாளிற் சென்றால், நீரோடையின் ஒலியும் பறவைகளின் குரலுமே பெரும்பாலும் துணையாக வரும். கீழே நெடிதுயர்ந்த மரங்கள் நிற்கும். மேலே செல்லச் செல்ல மரங்கள் குறுகி, கிளைகள் முறுகி, பாசி போர்த்து நிற்கும். முகில் வந்து தங்கும் காடு அது. சிறுத்தையும் மரையும் அங்கு வாழ்கின்றன. இலங்கையன்றி வேறெங்கும் காணப்படாத செடிகொடிகளும் உயிரினங்களும் பல உண்டு. மலையைச் சூழ்ந்த இவ்வனம் 1940 இற் சரணாலயமாக்கப்பட்டது. 2010 இல் ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

யாழ்ப்பாண மன்னன் வகுத்த திட்டம்

ஒரு வழியால் ஏறி மறு வழியால் இறங்குதல் இக்காலத்து இளைஞரின் புதுமை அன்று. 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா, இம்மலைக்கு இரு வழிகள் இருந்தமையை எழுதியுள்ளார். ஒன்று பாபா வழி. மற்றது மாமா வழி. முன்னதை ஆதத்தின் பெயராலும் பின்னதை ஏவாளின் பெயராலும் வழங்கினர். மாமா வழி எளிது. யாத்திரிகர் திரும்பும்போது அதனால் இறங்குவர். ஆனால் அதனால் ஏறியவரை யாத்திரை செய்தவராக மதிப்பதில்லையாம். கரடுமுரடான பாபா வழியால் ஏறுவதே முறை. அவரும் அவ்வாறே ஏறி அவ்வாறே இறங்கினார்.

அவரை அனுப்பி வைத்தவர் யார் என்பது நமக்கு இன்னும் சுவையான செய்தி. புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, பாதத்தைத் தரிசிக்க வேண்டுமென்ற அவருடைய விருப்பத்தைக் கேட்டு, பயணத்துக்கு வேண்டியவற்றைத் தாமே ஒழுங்கு செய்தார். பல்லக்கும் அதைத் தூக்குவோரும் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குச் சென்றுவரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தார் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர் ஆகியோரை உடன் அனுப்பினார். தண்ணீரைச் சுமக்கத் தேவை இருக்கவில்லை. வழியெங்கும் நீர் உண்டு என்று இபுன் பதூதா எழுதுகிறார். வழியறிந்தவர், துணைவர், உணவு, நீர் என்னும் நான்கையும் தமிழ் மன்னர் ஒருவர் அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறார்.

அவருக்கு முன்னும் இவ்வழிகளைப் பற்றிக் கவலைகொண்ட ஆட்சியாளர் இருந்தனர். பதினோராம் நூற்றாண்டிலே முதலாம் விஜயபாகு மன்னர், மலைக்குச் செல்வோர் உணவின்றி வருந்துவதை அறிந்து, கிலிமலை என்னும் ஊரை அவர்களுக்கு அன்னமிடுவதற்காக வழங்கினாரெனச் சூளவம்சம் கூறுகின்றது. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலவுக்குச் செல்லும் பஸ் இன்றும் அவ்வூரைக் கடந்தே செல்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராஜர், கம்பளைப் பக்கத்து வழியிற் பாலங்கள் அமைத்தார். பக்தி ஒன்றே ஒருவரை மலைக்கு அப்பால் இறக்கிவிடாது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

எத்திசையில் நடப்பது?

நல்லதண்ணியில் ஏறிப் பலாபத்தலவில் இறங்கினால் ஏற்றம் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர்தானே, அதுவே எளிதன்றோ என்று சிலர் கேட்பர். ஏற்றத்தை மட்டும் நோக்கின் அது சரி. ஆனால் களைத்த முழங்கால்களோடு 1,700 மீற்றருக்கு மேல் கற்படிகளில் இறங்குவது ஏறுவதிலும் கொடிது. அன்றியும், மலைநாட்டில் மழையும் முகிலும் பெரும்பாலும் பிற்பகலிலேயே கூடும். ஆளரவம் குறைந்த காட்டுவழியை அந்த வேளைக்கு ஒதுக்கி வைத்தல் அறிவுடைமை ஆகாது.

ஆதலின், அறியாத வழியை உடல் புதிதாயிருக்கும் காலைப்பொழுதிலும், அறிந்த வழியை உடல் சோரும் மாலைப்பொழுதிலும் வைத்துக்கொள்க. நல்லதண்ணியிலே தங்குமிடங்கள் உண்டு. யாத்திரைக் காலத்தில் அட்டனுக்கு பஸ் வண்டிகள் கிடைக்கும். சிறிது பிந்தினாலும் இறங்கும் படிகளில் விளக்கும் மனிதரும் இருப்பர். கடக்கும் பயணம் எதுவாயினும் இவ்விதி பொருந்தும்: பிந்துவதற்கு இடங்கொடுக்கும் பக்கமே இறங்கும் பக்கமாக இருத்தல் வேண்டும்.

மணிக்கணக்கு

ஸ்கொத்லாந்து நாட்டு மலையேறி நேய்ஸ்மித் என்பவர் 1892 இல் ஒரு கணக்கு வகுத்தார். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணிநேரம். ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணிநேரம். பலாபத்தலவிலிருந்து உச்சி வரையிலான நடையைப் பத்துக் கிலோமீற்றர் அளவினதாக வைத்துக்கொண்டால், தூரத்துக்கு இரண்டு மணி, ஏற்றத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி, ஆக ஐந்து மணி. ஆனால் இது தேர்ந்த நடைக்காரர் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. படிகள் வழுக்கும், தங்கைக்குத் தாகம் எடுக்கும், மாமா ஓரிடத்தில் அமர்ந்தால் எழ மாட்டார். ஆகவே ஐந்துக்குப் பாதியைக் கூட்டி ஏழரை மணி என்று கொள்வோம். உச்சியில் ஒரு மணி. இறங்குவதற்கு மூன்றரை மணி. மொத்தம் பன்னிரண்டு மணிநேரம்.

நம் நாட்டிற் பகற்பொழுது ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணிநேரத்தை ஒட்டியதே. மேல்நாடுகளிற் போல நீண்ட கோடைமாலை இங்கில்லை. சூரியன் மறைந்தால் அரைமணிக்குள் இருள் வந்துவிடும். நம் கணக்கோ பகல் முழுவதையும் விழுங்கிவிட்டது. கைம்மிச்சம் வேண்டுமாயின் அதனை விடியற்காலையிலிருந்தே எடுத்தல் வேண்டும். எனவே முதல்நாள் மாலையே இரத்தினபுரிக்கோ பலாபத்தலவுக்கோ வந்து தங்கி, காலை 5 மணிக்கு மின்சூளுடன் நடக்கத் தொடங்குக. மதியம் 12.30க்கு உச்சி; 1.30க்கு இறக்கம், மாலை 5 மணிக்கு நல்லதண்ணி. சூரியோதயத்தையும், காலையில் மேற்கே விழும் மலையின் முக்கோண நிழலையும் காணும் பேறு இத்திட்டத்தில் இல்லை. அவற்றை விரும்புவோர் வேறொரு முறை இரவில் ஏறிக் காண்பாராக.

தீர்மானிக்கும் இடம்

இனி இத்திட்டத்தின் உயிர்நிலைக்கு வருவோம். வழியில் நீலிஹெல முதலிய பழைய தங்குமிடங்கள் பல உள. அவற்றுள் இறுதி ஏற்றத்துக்கு முன் உள்ளது ஹெரமிட்டிபான. அதுவே நாம் தீர்மானிக்கும் இடம். அங்கே நிற்க வேண்டிய கடைசி நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவோம். நல்லதண்ணியை மாலை 6 மணிக்காவது அடைதல் வேண்டும். இறங்க மூன்றரை மணி. ஆகவே உச்சியை விட்டு 2.30க்குள் புறப்படல் வேண்டும். உச்சியில் ஒரு மணி; ஆகவே 1.30க்குள் அங்கே நிற்றல் வேண்டும். ஹெரமிட்டிபானவிலிருந்து உச்சிக்கு இரண்டு மணி ஒதுக்கின், முற்பகல் 11.30 என்ற விடை கிடைக்கின்றது.

11.30க்கு அங்கே வந்து சேர்ந்தால் மேலே செல்க. சேராவிட்டால் திரும்புக. திரும்பினால் பலாபத்தலவைப் பகலிலேயே அடையலாம். இவ்விதியை ஹெரமிட்டிபானவில் நின்று வகுக்க முயல வேண்டாம். அங்கே நிற்கும்போது உச்சி அருகில் இருப்பதாகத் தோன்றும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று ஒருவர் சொல்வார். களைத்திருப்பவர் வெட்கத்தாற் பேசாதிருப்பார். முந்திய இரவே எல்லோரும் கூடி ஒப்புக்கொண்ட விதியாயின், அங்கே விவாதத்துக்கு இடமில்லை. கடிகாரத்தைப் பார்த்தலே போதும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கூட்டத்தின் வேகம் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே. அவரை முன்னே நடக்கவிட்டு ஏனையோர் பின்னே செல்வது நன்று. அவரைப் பின்னே விட்டு முன்னே ஓடி, பாறையிற் காத்திருந்து, அவர் வந்தவுடன் மீண்டும் ஓடும் இளைஞர், தாம் ஓய்வெடுத்துக்கொண்டு அவருக்கு ஓய்வே கொடாதவராகின்றனர்.

எக்காலம் ஏற்றது?

யாத்திரைக் காலம் மார்கழி மாதத்து உந்துவப் போயாவிலிருந்து வைகாசி மாதத்து வெசாக் போயா வரை. அக்காலத்துக்கு அப்பால் தென்மேற்குப் பருவக்காற்று மலையை மோதும். விளக்குகள் இரா, கடைகள் இரா, படிகளில் நீர் ஓடும். குடும்பத்தோடு கடக்க எண்ணுவோர் அக்காலத்தை அறவே தவிர்க்க. யாத்திரைக் காலத்துள்ளும் தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடியும் வரை மழை ஓரளவு குறைந்திருக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். வெட்டவெளியான உச்சியில் மின்னலுக்கு மறைவிடம் அரிது.

மலைநாட்டில் வழிகள் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல், பெருமழையாலும் மண்சரிவுகளாலும் மலையகத்து ஊர்களையும் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் எவ்வாறு சிதைத்தது என்பதை நாம் மறந்திலோம். ஆதலின் புறப்படுவதற்கு முந்திய நாள்களில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளையும் பார்த்தல் வேண்டும். பஸ்ஸும் புகையிரதமும் ஓடுகின்றனவா, நடைபாதை திறந்துள்ளதா என்பவற்றை அவ்வூராரிடமும் பொலிஸ் நிலையத்திலும் கேட்டறிதல் வேண்டும்.

பையில் என்ன?

கடக்கும் பயணத்திற் பை பாரமாதல் கூடாது. எனினும் வேண்டியது எதுவும் குறைதலும் கூடாது, திரும்பி வந்து எடுக்க முடியாதாகையால். உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பநிலை ஆறு, ஏழு பாகை செல்சியஸ் குறையும். பலாபத்தலவில் வியர்வை வழிந்தவர் உச்சியிற் காற்றில் நின்று நடுங்குவார். ஆளுக்கொரு கம்பளிச் சட்டை, நனையாதபடி பையுட் பொதிந்த மாற்றுடை, மழைச்சட்டை, மின்சூள், அதற்கு மேலதிக பற்றரி ஆகியன வேண்டும். கையடக்கத் தொலைபேசியின் விளக்கை நம்பி இருளில் நடத்தல் ஆகாது. அழைப்பதற்காக அதன் மின்சக்தி மிஞ்சியிருத்தல் வேண்டும். காட்டுக்குள் அழைப்பு எடுபடாத இடங்கள் பல உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

உணவுக்குக் கட்டுச்சோறு அல்லது பாணும் சம்பலும். இடையிடையே கடிக்க எள்ளுருண்டை, பனங்கட்டி, வாழைப்பழம். கொதித்தாறிய நீர் ஆளுக்கு இரண்டு லீற்றராவது இருக்கட்டும். வழியில் ஓடைகள் உண்டெனினும், ஆயிரக்கணக்கானோர் நடக்கும் மலையில் ஓடை நீரை அப்படியே பருகுதல் இன்று தகாது. ஜீவனிப் பொட்டலம் இரண்டும் காயத்துக்கான மருந்தும் துணியும் சேர்த்துக்கொள்க.

அட்டைக்கு அஞ்சுவோர் பலர். இபுன் பதூதாவும் அதனை விட்டாரில்லை. மரத்திலும் புல்லிலும் இருந்து பாயும் அட்டைக்காக மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருந்ததையும், அதனைப் பிழிந்தவுடன் அட்டை விழுந்ததையும் அவர் எழுதியுள்ளார். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தேசிக்காய் அதே வேலையைச் செய்கின்றது. நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, மேலே சவர்க்காரம் பூசிக்கொள்வதும் உதவும்.

உச்சியும் அதற்கப்பாலும்

உச்சியிற் செருப்பையும் தொப்பியையும் களைந்து, அங்குள்ளோரின் வழிபாட்டுக்கு இடையூறின்றி நிற்றல் நம் கடன். அங்கு நின்று இருபக்கமும் நோக்குக. நாம் ஏறி வந்த பக்கத்தில் விழும் மழைநீர் களு கங்கையை அடைந்து களுத்துறையிற் கடலிற் கலக்கும். நாம் இறங்கப் போகும் பக்கத்தில் விழும் நீர் மஸ்கெலியா ஓயாவால் களனி கங்கையைச் சேர்ந்து கொழும்புக்கு வடக்கே கடலை அடையும். கீழே மின்னும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிற் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியுள்ளது. ஒரு நாட்டின் இரு பெரு நதிகளுக்கு இடையேயுள்ள வரம்பை நம் கால்களாலேயே கடக்கின்றோம் என்ற உணர்வு, வகுப்பறைப் படத்திற் கிடைக்காத புவியியற் பாடமாகும்.

இந்நீரை இலட்சக்கணக்கானோர் குடிக்கின்றனர். யாத்திரிகர் எறியும் பொலித்தீனும் போத்தல்களும் முதலிற் சேருவது இந்நீருக்கே. கொண்டு சென்ற உறைகளையெல்லாம் ஒரு பையிற் கட்டி நல்லதண்ணி வரை சுமந்து வருக. யாத்திரைப் பாதையை விட்டுக் காட்டுக்குட் கிளை வழிகளிற் புகாதிருக்க. அது சரணாலயத்துக்கும் நல்லதன்று, உங்களுக்கும் நல்லதன்று.

இறங்கும்போது விரைவு வேண்டாம். மழையில் நனைந்த படிகளிற் கால் பக்கவாட்டில் வைத்து, கைப்பிடி உள்ள இடத்திற் பிடித்து இறங்குக. பெரும்பாலான சுளுக்குகள் ஊர் கண்ணுக்குத் தெரிந்த பின்னரே ஏற்படுகின்றன. சீத கங்குலவைக் கடந்து தேயிலைத் தோட்டங்களின் ஓரமாக நடக்கையிலே தமிழ்ப் பேச்சு காதில் விழத் தொடங்கும்.

வீட்டில் வைக்கும் தாள்

புறப்படுமுன் செய்யவேண்டிய கடைசிக் காரியம் ஒன்று. இத்திட்டத்தை இரு தாள்களில் எழுதுக: செல்வோரின் பெயர்கள், புறப்படும் நேரம், ஹெரமிட்டிபானவில் 11.30, நல்லதண்ணியில் எதிர்பார்க்கும் நேரம், தங்கும் விடுதியின் தொலைபேசி எண். ஒன்றைப் பையில் வைக்க. மற்றதை வீட்டிலுள்ளோரிடம் கொடுத்து, "இரவு எட்டு மணிக்குள் எங்கள் அழைப்பு வராவிட்டால் விடுதிக்கு அழையுங்கள், அங்கும் நாங்கள் வந்து சேரவில்லையென்றால் 119இல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்" என்று சொல்லிச் செல்க. காயம் அல்லது நோயெனில் 1990 என்ற எண்ணில் அவசர நோயாளர் வண்டியை அழைக்கலாம்.

இவ்வாறு சொல்லிச் செல்வதை அச்சமென்று இளைஞர் சிலர் நகைப்பர். வீட்டிலே தாய் அந்தத் தாளை மேசைமேல் வைத்து மணியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். 11.30 ஆகும்போது, பிள்ளைகள் இப்போது மேலே ஏறுகிறார்கள் அல்லது திரும்புகிறார்கள், இரண்டில் எதுவாயினும் நல்லதே என்று அவள் அறிவாள். மாலையில் நல்லதண்ணியிலிருந்து வரும் அழைப்பு எட்டு மணிக்கு எவ்வளவு முந்தி வருகின்றதோ, அவ்வளவுக்கு அத்திட்டம் நல்ல திட்டம்.